காத்தவராயனுக்குப் பிறப்பு ரகசியம் எதற்கு?

தமிழில் 'மந்திரம்' என்கிற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. கோயில் கருவறையில் ஐயர் முணுமுணுப்பதும் மந்திரம். கதைப் புத்தகத்தில் சூனியக்காரக் கிழவி சொல்லி ஆளை ஆடாக மாற்றுவதும் மந்திரம். முதல் மந்திரத்தைச் சூத்திரன் காதால் கேட்டால் அந்தக் காதில் ஈயமும் அரக்கும் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் எழுதி வைத்திருக்கிறது. சூத்திரனுக்கே அந்தக் கதி என்றால், வருணத்துக்கே வெளியில் நிறுத்தப்பட்ட நமக்கு என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது மந்திரம் நம்மிடம் இருப்பதாக ஊர்க்காரன் சொல்லிவிட்டால் அதற்குப் பெயரே மாறிவிடும். ஏவல், பில்லி, சூனியம். அவன் சொன்னால் வேதம், நாம சொன்னா வைப்பு. சூனியக்காரி என்று பழிசுமத்தி தலித், பழங்குடி மக்களை அடிப்பதும் அவமானப்படுத்துவதும் இந்த நாட்டில் எவ்வளவு சகஜம் என்றால், அதைத் தனிக் குற்றமாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்க்க வேண்டி வந்தது. 2015-இல் திருத்தம் நிறைவேறி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, பதின்வயதுப் பிள்ளை ஒன்று தனக்குள் மந்திரசக்தி இருப்பதைக் கண்டுபிடிக்கிறது என்கிற கதையை, "அது பசங்க சமாச்சாரம், நம்ம பத்திரிகையில அதுக்கு என்ன வேலை?" என்று தள்ளிவிட முடியாது தோழர்களே. மந்திரம் யாரிடம் இருக்கலாம், யாரிடம் இருக்கக் கூடாது, அது எங்கிருந்து வருகிறது, ரத்தத்திலிருந்தா, படிப்பிலிருந்தா? இது சாதியின் கேள்வி. உலகம் முழுக்க இன்றைக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கிற மாயாஜால நாவல்கள் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொடுக்கின்றன. அந்தப் பதிலை நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில் இருக்கிறது எங்கள் பாரிவாக்கம். நெல் விளைந்த இடத்தில் கல் நட்டு மனை போட்டார்கள். மனையில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. அடுக்குமாடிக்குப் பெரிய இரும்புக் கேட். கேட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் நம்ம ஆள். உள்ளே நான்காவது மாடியில் பாத்திரம் தேய்ப்பது நம்ம அக்கா. அந்த வீட்டுப் பிள்ளை இங்கிலீஷில் ஹாரி பாட்டர் படிக்கிறது. அக்கா மகள் பழைய புத்தகக் கடையில் கிடைத்த 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' தமிழ்ப் புத்தகத்தை அட்டை கிழிய கிழியப் படிக்கிறாள். ஒன்பதாவது வகுப்பு. காலனியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வருகிறவள். கணக்கு நோட்டுக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருந்தவளை, கதை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சூப்பரா இருக்குதுண்ணா. ஆனா அந்தப் பையனுக்கு லெட்டர் வந்ததே அவங்க அம்மா அப்பா மந்திரவாதிங்கிறதாலதானே? எங்கம்மா அந்த அப்பார்ட்மெண்ட்ல வேலை செய்யுது. எனக்கு எங்கேர்ந்து லெட்டர் வரும்?"

இலக்கிய விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியும் தொடாத இடத்தை அந்தப் பிள்ளை ஒரே கேள்வியில் தொட்டுவிட்டாள். இந்தக் கட்டுரை அவள் கேள்விக்கு நான் தேடிய பதில்தான்.

ஜே.கே. ரௌலிங்கின் முதல் புத்தகம் 1997-இல் வந்தது. அனாதைப் பையன், பெரியம்மா வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் பொந்து மாதிரி அறையில் வளர்கிறான், பதினொன்றாவது வயதில் மந்திரப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வருகிறது. அதுவரைக்கும் யாரும் மதிக்காதவன் பிறப்பிலேயே பெரிய ஆள் என்று தெரிகிறது. நியாயமாகவே பேசுவோம். ரௌலிங் ரத்தத் திமிரை ஆதரிப்பவரில்லை. 1998-இல் வந்த இரண்டாவது புத்தகத்தில் ஹெர்மயோனி என்கிற பெண்ணை, மந்திரம் இல்லாத பெற்றோருக்குப் பிறந்தவள் என்பதற்காக, 'அழுக்கு ரத்தம்' என்கிற பொருளில் ஒருவன் திட்டுகிறான். வாசிக்கிற நமக்கு உடம்பு எரிகிறது. அந்த வசவு எந்த ஊர்த் தெருவில் புழங்குவது என்று நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ரத்தத் தூய்மை பேசுகிறவன்தான் அந்தக் கதையில் வில்லன். அந்த மட்டில் நல்ல விஷயம்.

ஆனால் கதையின் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பாருங்கள். ஹெர்மயோனியின் பெற்றோர் பல் டாக்டர்கள், அவர்களுக்கு மந்திரம் தெரியாது. அவளுக்கு இருப்பதும் பிறவியிலேயே இருந்த மந்திரம்தான். பிறவியில் இல்லாதவன் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்க முடியாது. இதற்கு அந்த நாவலுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. ஃபில்ச் என்று ஒருவன். பள்ளிக்கூடத்துக் கட்டடத்தைப் பராமரிப்பவன். பிள்ளைகள் காலில் மிதித்துக்கொண்டு வரும் சேற்றைத் துடைப்பவன். மந்திரவாதிக் குடும்பத்தில் பிறந்தும் மந்திரம் வராதவன். யாருக்கும் தெரியாமல் அஞ்சல் வழியில் மந்திரப் பாடம் வரவழைத்துப் படிக்கிறான். ஹாரி அதைப் பார்த்துவிடுகிறான். ஃபில்ச்சுக்கு அவமானம். வாசிக்கிற பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிவிட்டு ராத்திரியில் படித்து குரூப் தேர்வு எழுதினவர்கள் இருக்கிறார்கள். துப்புரவு செய்கிறவன் ரகசியமாகப் படிப்பது ஒரு நாவலில் நகைச்சுவைக் காட்சி என்றால், அந்த நாவலை எழுதியவருக்கு நம் மேல் பகை இல்லாமல் இருக்கலாம், அதில் நமக்கு இடமும் இல்லை.

அடுத்தது வீட்டுக் குட்டிச்சாத்தான்கள் விவகாரம். அந்த உலகத்தில் வீட்டு வேலைக்கு ஒரு இனமே அடிமையாக இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்கு. சம்பளம் இல்லை, துணி இல்லை. எஜமான் ஒரு துணியைக் கொடுத்துவிட்டால் விடுதலை. டாபி என்பவன் ஒரு சாக்ஸ் கிடைத்து விடுதலை ஆகிறான். 2000-இல் வந்த நான்காவது புத்தகத்தில் இந்த அடிமைத்தனத்தை எதிர்த்து ஹெர்மயோனி ஒரு சங்கம் தொடங்குகிறாள். பேட்ஜ் அடித்து விற்கிறாள். அவளுடைய நண்பர்களே கிண்டல் செய்கிறார்கள். "அதுங்களுக்கு அப்படி இருக்கிறதுதான் பிடிச்சிருக்குது" என்பது அவர்கள் வாதம். இந்த வசனத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? பண்ணையார் வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறோம். "எங்க பண்ணையாளு எங்கள விட்டுப் போவமாட்டான், அவனுக்கு எங்க வீட்டுமேல அவ்வளவு பாசம்." பாசத்துக்குப் பெயர் படியாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பார்வதி, பத்மா என்று இரட்டையர்களாக இரண்டு இந்தியப் பெண்களும் படிக்கிறார்கள். அவர்கள் குடும்பப் பெயர் பாட்டீல். மராட்டியத்தில் அது கிராமத் தலைமையின் பட்டம். மந்திரப் பள்ளிக்கும் நம்ம ஊரிலிருந்து முதலில் சீட்டு வாங்கினது பாட்டீல் வீட்டுப் பிள்ளைகள்தான் போலிருக்கிறது.

வெள்ளைக்காரியைக் குறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் அது பாதி நியாயம். நம்ம மண்ணில் மந்திரம் கற்றுக்கொண்ட பிள்ளைகள் கதி என்ன? ஏகலைவன் வில்வித்தை கற்றான். குருவே இல்லாமல், களிமண் பொம்மையை வைத்துக் கற்றான். துரோணர் வலது கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார். சம்பூகன் தவம் செய்தான். ராமன் வந்து தலையை வெட்டினான். வங்கியில் என் கவுண்டருக்கு முதியோர் பென்ஷன் வாங்க வரும் கிழவிகள் ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலை அழுத்திச் சலானில் வைக்கும்போதெல்லாம் எனக்கு ஏகலைவன் ஞாபகம் வரும். துரோணர் விரலை வெட்டி வாங்கினார். அதன் பிறகு வந்தவர்கள் விரலைக் கையிலேயே விட்டுவைத்து, எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். 'கைநாட்டு' என்று வசவும் கூடவே கொடுத்தார்கள்.

இந்த வரிசையில் மூன்றாவது ஆள்தான் நமக்கு முக்கியம். அவன்தான் தமிழனுடைய மந்திரச் சிறுவன். காத்தவராயன்.

கதைக்குப் பல வடிவம் உண்டு. கூத்தாக ஆடுகிறார்கள், உடுக்கடித்துப் பாடுகிறார்கள், கழுவேற்றும் திருவிழாவாகவே நடத்துகிறார்கள். ஈழத்தில் காத்தான் கூத்து என்று இன்றும் வழக்கில் இருக்கிறது. எல்லா வடிவத்துக்கும் முதுகெலும்பு ஒன்று. பறையர் வீட்டில் வளர்ந்த பையன். ஊர்க் காவல்காரனின் வளர்ப்பு மகன். மந்திரம் கற்றவன். நினைத்த உருவம் எடுப்பான், எந்தக் கட்டுக்காவலையும் தாண்டுவான். பார்ப்பனப் பெண் ஆரியமாலையை விரும்புகிறான், கொண்டுபோகிறான். அரசன் ஆள் அனுப்புகிறான், பிடிக்கிறார்கள், கழுமரத்தில் ஏற்றுகிறார்கள். அக்ரகாரத்து வீட்டுக்குள் உருமாறி நுழைகிற சேரிப் பையன், இதைவிடப் பெரிய மாயாஜாலக் கதை எந்த மொழியில் இருக்கிறது?

ஆனால் கதையை அப்படியே விட்டார்களா? முன்னால் ஒரு வாலும் பின்னால் ஒரு வாலும் ஒட்டினார்கள். அவன் பறையனுக்குப் பிறந்தவனே அல்ல, சிவன் பிள்ளை, சாபத்தால் பூமிக்கு வந்தவன் என்பது முன்வால். அவன் கழுவேறியதும் கொலை அல்ல, சாபம் தீர முன்கூட்டியே விதிக்கப்பட்ட வழி என்பது பின்வால். முன்வால் அவன் சாதியைத் துடைத்தது. பின்வால் அரசன் கையிலிருந்த ரத்தத்தைத் துடைத்தது. நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. இவை சாதி தாண்டியதற்காகக் கொல்லப்பட்ட மனிதர்களின் கதைகள், தெய்வப் பிறப்பும் உயர்சாதிப் பிறப்பும் பின்னால் வந்து சேர்ந்த ஒட்டுகள் என்று காட்டிய முன்னோடி அவர். முத்துப்பட்டன் கதையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. பார்ப்பனனான முத்துப்பட்டன் சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கிறான். இதைப் பொறுக்க முடியாதவர்கள், அந்தப் பெண்கள் உண்மையில் காட்டில் விடப்பட்ட பார்ப்பனக் குழந்தைகள் என்று மாற்றிப் பாடிவிட்டார்கள். மதுரைவீரனும் காசி ராஜா மகன்தான், கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விட்டார்கள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்றே சொல்கிறார்கள். எம்.ஜி.ஆர். நடித்து 1956-இல் வந்த படமும் இந்தக் கதையைத்தான் எடுத்தது. 1941-இல் பி.யு. சின்னப்பா 'ஆர்யமாலா'வில் காத்தவராயன் ஆனார். 1958-இல் சிவாஜி 'காத்தவராயன்' ஆனார். கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து கைதட்டினவர்கள் நம்ம தாத்தாக்கள். திரையில் நம்ம பையன் ஜெயிக்கும்போது அவன் நம்ம பையன் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயிக்கவிட்டார்கள்.

பிறப்பு ரகசியம் என்கிற இந்த உத்தி சாதிக்கு ரொம்பத் தேவைப்படுகிற உத்தி. சேரியில் ஒரு அறிவாளி, ஒரு வீரன், ஒரு மந்திரக்காரன் தோன்றிவிட்டால் ஊருக்கு ஒரு சிக்கல் வருகிறது. அவனை இல்லை என்று சொல்ல முடியாது, கண்முன்னால் நிற்கிறான். அவன் சேரிக்காரன் என்று ஒப்புக்கொண்டால் சேரியில் அறிவு பிறக்கும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அவனை வைத்துக்கொண்டு பிறப்பை மட்டும் மாற்றிவிடு. திறமை ரத்தத்தில் வருகிறது என்கிற விதியும் பிழைத்துக்கொள்ளும், விதிவிலக்காக ஒருவன் நின்றதற்கும் கணக்கு நேராகிவிடும். வங்கியில் இதை டாலி பண்ணுவது என்போம். சாயங்காலம் கணக்கு இடித்தால் எங்கேயோ ஒரு பொய் என்ட்ரி போட்டுச் சரிக்கட்டுவான் திருடன். காத்தவராயன் கதையில் போட்ட பொய் என்ட்ரிதான் சிவன் பிள்ளை.

இது பழைய கதைப்பாடலோடு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தினமும் நடக்கிறது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது, கவிதைத் தொகுப்பு வந்த சேதி தெரிந்து, கூட வேலை பார்த்த ஒருவர் மனசாரப் பாராட்டினார். "உங்களைப் பாத்தா அப்படித் தெரியவே இல்ல சார்." எப்படித் தெரியவில்லை? அவர் திட்டவில்லை, அவர் வரைக்கும் அது மரியாதை. எனக்கு ஒரு பிறப்பு ரகசியத்தை இலவசமாகக் கொடுத்தார். எங்கள் அப்பாவையும் அம்மாவையும் வளர்ப்புப் பெற்றோராக்கிவிட்டு என்னைக் காசி ராஜா வீட்டுக்கு அனுப்பி வைத்தார். படித்த தலித் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இந்தப் பாராட்டைக் கல்லூரியிலும் அலுவலகத்திலும் வாங்கியிருப்பார்கள். நம்ப ஆரம்பித்தால் முடிந்தது கதை. வாடகைக்கு வீடு தேடும்போது, "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு, குலதெய்வம் எது?" என்று கேட்கிற வீட்டுக்காரரிடம் பதில் சொல்லாமல் நழுவப் பழகிக்கொள்வோம். ஹாரி பாட்டருக்கு ஒரு மாயப் போர்வை உண்டு, போர்த்திக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அவன் அதைச் சாகசத்துக்குப் போர்த்திக்கொள்கிறான். நாம் குடியிருக்க ஒரு வீட்டுக்காகப் போர்த்திக்கொள்கிறோம்.

பின்வால் கதையும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2015-இல் கோகுல்ராஜ். 2016-இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தில் சங்கர். 2025-இல் பாளையங்கோட்டையில் கவின். கழுமரம் போய் அரிவாள் வந்திருக்கிறது, தண்டவாளம் வந்திருக்கிறது. ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் விதி, ஆத்திரம், பெற்ற பாசம் என்று கொலைகாரன் கையைத் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் காத்தவராயன் கதைக்குப் பின்வால் ஒட்டியவர்களின் வாரிசுகள்.

உலகத்தில் வேறு ஒடுக்கப்பட்டவர்கள் இந்தக் கதையை என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் தெம்பு வருகிறது. அர்சுலா லெ குவின் என்கிற அமெரிக்க எழுத்தாளர் 1968-இலேயே எர்த்ஸீ என்னும் தீவுலகைப் படைத்து, கெட் என்கிற பையனை எழுதினார். ஆடு மேய்ப்பவன். செம்பு நிறத் தோல்காரன். மந்திரத்தின் முதல் சொற்களைக் கிராமத்தில் இருந்த அம்மாவின் சகோதரியிடம் கற்கிறான். அந்த உலகில் ஒன்றின் மெய்ப்பெயரை அறிந்தால் அதன்மேல் அதிகாரம் கிடைக்கும். 2004-இல் அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் கெட்டை வெள்ளைக்காரப் பையனாக ஆக்கிவிட்டார்கள். லெ குவின் சும்மா இருக்கவில்லை, பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். பார்த்தீர்களா, அங்கேயும் பிறப்பை மாற்றும் வேலை. பெயரின் அதிகாரம் நமக்கும் புதுசல்ல. குப்பன், மண்ணாங்கட்டி, பிச்சை என்று பெயர் வைக்க நிர்ப்பந்தித்த ஊர் அது. நம்மைக் குறிக்கும் பெயரை நாமே சொல்ல வேண்டும் என்று எம்.சி. ராஜா முதலானோர் போராடி 1922-இல் 'ஆதி திராவிடர்' என்பதை அரசாணை ஆக்கியதும் ஒரு மந்திர வேலைதான்.

நைஜீரிய வம்சாவளிப் பெண் நெடி ஒகோராஃபோர் 2011-இல் 'அக்காட்டா விட்ச்' எழுதினார். சன்னி என்கிற பன்னிரண்டு வயதுப் பெண். பிறவியிலேயே தோலில் நிறமில்லாதவள், பள்ளியில் கேலிக்கு ஆளாகிறவள். அந்த மந்திர உலகத்தில் காசு எப்படிக் கிடைக்கும் தெரியுமா? நீ ஒரு புது விஷயத்தைக் கற்றுக்கொள்ளும்போது வானத்திலிருந்து காசு விழும். எவ்வளவு பெரிய பாடமோ அவ்வளவு காசு. அதிலும் பாட்டி வழி ரத்தம் என்று ஒரு இழை ஓடுகிறதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் பரம்பரைச் சொத்தை ஓரங்கட்டிப் படிப்பைச் செல்வமாக்கிய அந்தக் கற்பனை, அம்பேத்கர் நூலகத்துச் சுவரில் எழுதி வைக்கத் தக்கது. 2018-இல் டோமி அடெயெமி என்கிற இன்னொரு நைஜீரிய வம்சாவளிப் பெண் 'சில்ட்ரன் ஆஃப் ப்ளட் அண்ட் போன்' எழுதினார். அதில் மந்திரம் உள்ள இனத்தை அரசன் கொன்று குவித்து, மிஞ்சியவர்களை வரி போட்டு வதைத்து, புழு என்று ஏசிக் கொத்தடிமையாக்குகிறான். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளைப் போலீஸ் சுட்டுக் கொல்வதைப் பார்த்த கோபத்தில்தான் இதை எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இந்திய வம்சாவளியினர் எழுதியது? அதே 2018-இல் ரோஷனி சோக்ஷியின் 'ஆரு ஷா' வந்தது. அமெரிக்காவில் வளரும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒரு விளக்கை ஏற்றுகிறாள், தான் பாண்டவர்களின் மறுபிறப்பு என்று தெரிந்துகொள்கிறாள். பெண் பிள்ளைகளை நாயகியாக்கியதைப் பாராட்டலாம். ஆனால் கடல் தாண்டிப் போயும் மூட்டையை அவிழ்த்தால் உள்ளே பாண்டவர் ரத்தம்தான் இருக்கிறது. ஏகலைவனின் கட்டைவிரல் யாருடைய கையில் மறுபடி முளைத்தது என்று சொல்லும் நாவலுக்குத்தான் நான் காத்திருக்கிறேன்.

இங்கே இரண்டு ஆட்சேபணைகள் வரும். பகுத்தறிவுத் தோழர் சொல்வார்: "பேய், பில்லி, மந்திரம்னு நாமே எழுதினா மூடநம்பிக்கைய வளக்கறதாகாதா?" தோழரே, துடைப்பத்தில் ஏறிப் பறக்கும் கதையைப் படித்த எந்தப் பிள்ளையும் மொட்டைமாடியிலிருந்து குதிக்கவில்லை. கதை என்று தெரிந்துதான் படிக்கிறது. ரத்தத்தில் உயர்வு தாழ்வு இருக்கிறது என்று எம்.எஸ்ஸி. படித்தவன் நம்பிக் கல்யாண விளம்பரம் கொடுக்கிறானே, அந்த மூடநம்பிக்கையைக் கதை என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொரு ஆட்சேபணை நம்முடைய முகாமுக்குள்ளிருந்தே வரும். தலித் இலக்கியம் என்றால் வாழ்ந்த அனுபவம், வலி, தன்வரலாறு, இதில் மாயாஜாலத்துக்கு இடமேது என்பது. 'கருக்கு' 1992-இல் வந்தபோது அது திறந்த கதவின் அருமை நமக்குத் தெரியும். அந்தக் கதவை யாரும் மூடச் சொல்லவில்லை. ஆனால் பதிப்பகத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் நம்மிடம் திரும்பத் திரும்ப ஒரே சரக்கைக் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பீ அள்ளியதை எழுது, அடிபட்டதை எழுது, அழு, நாங்கள் உச்சுக்கொட்டுகிறோம். கற்பனை அவர்களுக்கு, அனுபவம் நமக்கு. இதுவும் ஒரு தொழில் பிரிவினைதான். நம் கிழவிகள் நிலா வெளிச்சத்தில் காத்தவராயனைக் கிளியாகவும் வண்டாகவும் மாற்றிப் பறக்கவிட்டவர்கள். கற்பனை நமக்கு அந்நியச் சரக்கு என்று எவனாவது சொன்னால் அவனை ஒரு ராத்திரி கூத்துக்குக் கூட்டிப்போங்கள்.

ஆக, நமக்கு ஒரு நாவல் வேண்டும். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளை படிக்கிற மாதிரி, நம்ம பேச்சில், கையில் காசிருக்கிற அளவு விலையில். அதில் பாரிவாக்கம் ஏரி இருக்கட்டும், ஏரிக்கரையில் மனை கல் இருக்கட்டும், ஆவடி பஸ்ஸின் நெரிசல் இருக்கட்டும். ஒரு காலனிப் பெண் தனக்கு மந்திரம் வருகிறது என்று கண்டுபிடிக்கட்டும். மருத்துவச்சிப் பாட்டியிடம் பாதி கற்கட்டும், நூலகத்தில் பாதி கற்கட்டும், தப்பும் தவறுமாகக் கற்கட்டும். கடைசி அத்தியாயம் வரைக்கும், அதற்குப் பிறகும், அவளுக்கு எந்தப் பிறப்பு ரகசியமும் வெளிவரக் கூடாது. அவள் அம்மா பாத்திரம் தேய்க்கிறவள், அப்பா வாட்ச்மேன், அவள் அவர்களுக்குப் பிறந்தவள், அவ்வளவுதான். மந்திரம் அவளோடு நின்றுவிடக் கூடாது, பக்கத்து வீட்டுப் பையனும் கற்றுக்கொள்ளட்டும், கற்க மெனக்கெட்டால் ஃபில்ச்சும் கற்றுக்கொள்ளட்டும். முடிவில் அவளைக் கழுவில் ஏற்றி ஊரை அழவைக்கவும் வேண்டாம். நம்ம பிள்ளைகள் சாகிற கதைகள் செய்தித்தாளில் போதுமான அளவு வருகின்றன.

இது நடக்காத கற்பனை என்று சொல்பவர்களுக்கு ஒரு சரித்திரம். பூனாவில் பூலே தம்பதியர் நடத்திய பள்ளியில் முக்தாபாய் என்று ஒரு மாங் சாதிப் பெண் படித்தாள். வயது பதினான்கு. 1855-இல் மாங், மகார் மக்களின் துயரத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 'ஞானோதயா' பத்திரிகையில் வெளிவந்தது. வேதம் பார்ப்பனருக்கு மட்டும்தான் சொந்தம் என்றால் எங்களுக்கு மதம் என்று ஒன்று இல்லை என்றுதானே அர்த்தம் என்று அதில் வாதாடினாள். காதில் ஈயம் ஊற்றச் சொன்ன மந்திரத்தை, எழுத்துக் கற்ற ஒரு பதினான்கு வயதுப் பெண் நாலு வரியில் உடைத்துப் போட்டாள். சென்னையில் ஆல்காட் 1894-இல் பஞ்சமர் பள்ளி தொடங்கியபோது முதல் நாள் சிலேட்டைப் பிடித்த பிள்ளைகளின் விரலும் அப்படித்தான் நடுங்கியிருக்கும். அவர்கள் யாருக்கும் ஆந்தை கடிதம் கொண்டுவரவில்லை. யாரோ தெருவுக்குள் நடந்து வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளையை அனுப்புங்கள் என்று கேட்டார்கள்.

அந்த வேலையை இன்றைக்குச் செய்துகொண்டிருப்பவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நீங்கள். மாலை வகுப்பு நடத்துகிறீர்கள், கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறீர்கள். கூடவே வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கதை எழுதச் சொல்லுங்கள். காத்தவராயன் கதையை வால் இல்லாமல் சொல்லுங்கள். கழுமரம் வரைக்கும் சொல்லி நிறுத்திவிட்டு, "அவன் தப்பிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பான்?" என்று கேளுங்கள். நோட்டில் எழுதி வாங்குங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். அந்த நோட்டுகளில் ஒன்றிலிருந்துதான் நமக்கு வேண்டிய நாவல் வரும். எழுதுகிற பிள்ளையின் பெயரை, அதன் அப்பா அம்மா பெயரை, தெருப் பெயரோடு அட்டையில் போட்டு அச்சடிப்போம்.